தம்புசாமி களையெடுத்த தோட்டம்

தம்புசாமி கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த அன்று பவுனம்மாள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, கடையில் உப்பு வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

“உனக்கும் புள்ளைக்கும் பேரு குடுத்துட்டேன், பவுனு. டிக்கெட்டு இனாம்தான். தீபாவளி கழிச்சுக் கூப்பிடுவாங்களாம்.”

கருவாடு கருகிப்போயிற்று. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அது முப்பத்தொன்றாம் வருஷம். ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய், தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாதவர்களைக் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேற்றி இந்தியாவில் அவரவர் ஊருக்கு அனுப்பிவிட சர்க்கார் ஏற்பாடு செய்திருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ரயில் கூலிகளுக்கு வேலை போகவில்லை, பாதியாகிவிட்டது. தண்டவாளம் பார்க்கும் கூட்டத்தில் இருந்த தம்புசாமி, வாரத்தில் பாதி நாள் தண்டவாளத்தையும் மீதி நாள் லயத்துச் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி பிள்ளையை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டால் தான் ஒருவனாக எப்படியாவது ஓட்டிவிடலாம் என்பது அவன் யோசனை. அவனுக்கு யோசனை வருவதே அபூர்வம். வந்தால் இப்படித்தான் வரும்.

“ஊருக்குன்னா, யாரு ஊருக்கு?” என்றாள் பவுனம்மாள்.

“இது என்னடி கேள்வி? நம்ம ஊருக்குத்தான். எங்கண்ணன் வீட்டுக்கு.”

“உங்கண்ணன் மூஞ்சி எனக்குத் தெரியுமா? உங்கண்ணிகாரி கறுப்பா செவப்பான்னு தெரியுமா? நான் பொறந்தது கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல. எங்கப்பனையும் ஆத்தாளையும் பொதைச்சது அங்கதான். நான் கப்பலையே பார்த்ததில்ல. எனக்கு எங்க இருக்குது ஊரு?”

தம்புசாமி கருவாட்டுச் சட்டியைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான். ஒன்றை முடிவு செய்துவிட்டுப் பிறகு வந்து சொல்லுவான், அவ்வளவுதான். கைநீட்டுகிறவனிடம் சண்டை போடலாம், இவனிடம் என்னத்தைப் போடுவது என்பதுதான் பவுனம்மாளின் ஆத்திரம்.

அரைச் சம்பளம் அரிசிக்குச் சரியாகப் போய்விடுகிறது, காய்கறிக்குத்தான் கை முட்டுகிறது என்று அவன் இழுத்தான். அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

“சரி. இன்னையிலேருந்து பாசாருக்குக் காய் வாங்கப் போக மாட்டேன். கப்பல் கூப்பிடுற வரைக்கும் இந்த வூட்டுக்குக் காயும் கீரையும் நான் குடுக்குறேன். ஒருநாள் கொறைஞ்சாலும் நானே மூட்டையைக் கட்டுறேன். கொறையலேன்னா நீங்க போயி பேரை அடிச்சுட்டு வரணும்.”

“எங்கேருந்து குடுப்ப?”

அவள் பின்பக்கத்தைக் காட்டினாள். அவன் சிரித்தான். “சரி புள்ள, பார்ப்போம்” என்றான். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

அவன் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. லயத்துக்குப் பின்னால், குளிக்கும் இடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் கிடந்த துண்டு நிலம் அது. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்கச் செங்கல் சூளையாக இருந்ததால் தோண்டினால் மண்ணைவிட உடைந்த செங்கல்தான் அதிகம் வரும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ணங் என்று திருப்பி அடிக்கும். பவுனம்மாளுக்கு அப்போதிருந்த ஆத்திரத்தில் அந்த ணங் தேவையாக இருந்தது. ஒவ்வொரு போடும் யாருடைய மண்டையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டம் கொடுக்கும் வரை பக்கத்து வீட்டு முருங்கையை ஒடித்துக்கொண்டு வந்து சமாளித்தாள். அதற்கிடையில் செங்கல் துண்டுகளைப் பொறுக்கி ஓரத்தில் வரப்பாக அடுக்கினாள். நடுவில் குழி வெட்டி, ரயில் பாதையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் உதிர்த்த சருகை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினாள். மாட்டுவண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்க் கூடை நிறையச் சாணி அள்ளி வந்தாள். அடுப்புச் சாம்பல், அரிசி களைந்த தண்ணீர், மீன் செதில், வாழைப்பழத் தோல், பாசார் மூடும் நேரத்தில் சீனக் காய்க்காரர்கள் வீசிவிட்டுப் போகும் அழுகல் கோசு இலை, எல்லாம் அந்தக் குழிக்குள் போயின. மேலே மண்ணைத் தூவி மூடி, மக்கட்டும் என்று விட்டாள்.

நாற்றம் எடுக்காமல் இருக்குமா? அடுத்த வீட்டுப் புஷ்பவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னத்தடி பொதைச்சு வச்சிருக்க? செத்த பொணம் மாதிரி நாறுது. லயத்துல எல்லாரும் என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? கக்கூஸ் வாளியக் கொண்டாந்து கொட்டுறியாம்.”

“யாருக்கா சொன்னது? வரச் சொல்லுங்க இங்க. வாளியில என்ன இருக்குன்னு தலையில ஊத்திக் காட்டுறேன்.”

புஷ்பவல்லி போய்விட்டாள். அந்த மாதத்தில் பவுனம்மாளிடம் யாரும் சிரித்துப் பேசவில்லை, அவளும் யாரையும் பேசவிடவில்லை. கோபம் அவளுக்குச் சோறு மாதிரி ஆகிவிட்டது. காலையில் அதைத் தின்றுவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்கினாள்.

நாற்றம் அடங்கியதும் குழியைக் கிளறிப் பார்த்தாள். கறுப்பாக, உதிரியாக, கைக்குள் கதகதப்பாக மண் வந்தது. சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு மண்புழு நெளிந்தது. அவள் அதை எடுத்து, இடுப்பில் இருந்த பிள்ளை சீதாவிடம் காட்டி, மறுபடி பத்திரமாக உள்ளேயே விட்டாள். கப்பல் சேதி வந்த பிறகு அவள் முகம் முதல்முதலாக இளகியது அன்றுதான்.

அந்த மண்ணை மேட்டுப் பாத்தியாக இழுத்து வெண்டையும் மிளகாயும் ஊன்றினாள். இடையிடையே பசலைக் கொடியைக் கிள்ளி நட்டாள். ஈரமான ஓரங்களில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும். வேலியில் பாகல். புழு வந்தால் சாம்பல் தூவினாள், செவ்வெறும்பு வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டாள், புழுவை அது தின்னட்டும் என்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்தியில் ஒரு விரல்கடை மண்கூட வெளியே தெரியாதபடி லாலான் புல்லையும் சருகையும் போர்த்தினாள்.

இந்தப் போர்வை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. சின்ன வயதில் தோட்டத்தில் அவளும் களை பிடுங்கியவள்தான். ரப்பர் மரத்தடியில் ஒரு புல் இருக்கக் கூடாது என்பது துரையின் சட்டம். வழித்து வைத்த அந்தத் தரையில் மழை விழுந்தால் மண் சிவப்புக் குழம்பாக ஓடைக்கு ஓடும். துரை எட்டிப் பார்க்காத பள்ளத்து ஓரத்திலோ புல்லும் சருகும் மூடி மண் கறுப்பாகக் கிடக்கும். அங்கே யாரோ துப்பிய பூசணி விதைகூட முளைத்துக் காய்த்தது. பார்க்கக் கண்ணிருந்தால் போதாதா?

புரட்டாசி முடிவதற்குள் தோட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் பொன்னாங்கண்ணிப் பொரியல், ஒருநாள் பசலை போட்ட பருப்பு, ஒருநாள் வல்லாரைத் துவையல், பிறகு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. தம்புசாமி தட்டை வழித்துச் சாப்பிட்டான். எதையும் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பின்பக்கம் அவன் போவதே குளிக்க மட்டும்தான். புஷ்பவல்லிகூட மூக்கிலிருந்து கையை எடுத்து, “ஒரு பிடி கீரை குடுடி, புள்ளைக்கு வாய்ப்புண்ணு” என்று வந்து நின்றாள். பவுனம்மாள் கொடுத்தாள். கொடுக்கும்போதும் முறைத்துக்கொண்டுதான் கொடுத்தாள்.

தீபாவளி வந்துகொண்டிருந்தது. பேரை அடிக்க வேண்டும் என்ற பேச்சைத் தம்புசாமியே எடுப்பான் என்று அவள் காத்திருந்தாள்.

அன்று அவனுக்கு வேலையில்லாத நாள். சீதாவுக்குக் காய்ச்சல் மருந்து வாங்க அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, மத்தியானம் திரும்பி வந்தாள். தம்புசாமி வாசலிலேயே எதிர்கொண்டான். முகமெல்லாம் வேர்வை, அதைவிடப் பெருமை.

“வா வா, வந்து பாரு. நானும் கை குடுத்துட்டேன்.”

அவள் பின்பக்கம் போனாள்.

பாத்தி மொட்டையாகக் கிடந்தது. வெண்டைச் செடிகளும் மிளகாய்ச் செடிகளும் மட்டும் வரிசையாக நின்றன, தாலி அறுத்த பெண்களைப்போல. அவற்றுக்கு நடுவில் தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பசலை இல்லை. பொன்னாங்கண்ணி இல்லை. வல்லாரை இல்லை. சருகுப் போர்வை ஒரு மூலையில் சாம்பலாகப் புகைந்துகொண்டிருந்தது.

“பாரு, ஒரு புல்லு இருக்குதா? துரையே வந்து பார்த்தாலும் குத்தம் சொல்ல முடியாது. இவ்ளோ களைய வச்சுக்கிட்டு என்னத்தடி தோட்டம் போட்ட? குப்பையக் கொளுத்திட்டேன், கொசு அடையுது. பச்சையா இருந்தது எரியல, அந்தா, சாக்கடை ஓரத்துல குமிச்சுட்டேன்.”

அவன் பொய் சொல்லவில்லை, வஞ்சகமும் செய்யவில்லை. கப்பல் விட்டு இறங்கிய நாளிலிருந்து அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ரப்பர் தோட்டத்தில் அவன் நிரையில் ஒரு புல் தலைகாட்டினால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார், பாதி நாள் கூலி போய்விடும். பிறகு ரயிலுக்கு வந்தான். அங்கும் தண்டவாளத்து ஜல்லியில் புல் முளைக்கக் கூடாது. தரையில் படர்ந்த பச்சை எதுவும் அவன் கண்ணுக்குக் களைதான். தட்டில் வந்தால் கீரை, தரையில் இருந்தால் புல். வேலையில்லாத கை அரித்தது, பெண்டாட்டிக்கு உதவி செய்தான். உதவி! வேண்டுமென்றே செய்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

அவள் வாயைத் திறப்பதற்குள் மேலே வானம் உறுமியது. கோலாலம்பூரில் மத்தியான மழைக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை. பவுனம்மாள் சீதாவை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அரிசிச் சாக்கை உதறி விரித்தாள், கிழிந்த பாயை இழுத்துப் போட்டாள், தன் மாற்றுச் சேலையைக் கொண்டுவந்து போர்த்தினாள். போதவில்லை. மழை கல்லெறிவதுபோல இறங்கியது. மூன்று மாதம் அவள் சேர்த்த கறுப்பு மண் முதலில் கசிந்தது, பிறகு கரைந்தது, பிறகு சாக்கை மிதக்கவிட்டுக்கொண்டு செங்கல் வரப்பைத் தாண்டிச் சாக்கடைக்குள் ஓடியது. வேர் தெரிந்த வெண்டைச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

தம்புசாமி தாழ்வாரத்தில் பிள்ளையோடு நின்றான். “அட, மண்ணு ஓடுதே” என்றான்.

மழை விட்ட பிறகு அவன் மெதுவாகச் சொன்னான், “சரி விடு, பவுனு. நம்ம தலையெழுத்து. நாளைக்குப் பாசார்ல காய் வாங்கிக்கிட்டு வரேன். கப்பலு பேரும் இருக்கட்டும், என்ன?”

அப்போதுதான் அவள் வாய் திறந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவள் அவள்.

“நீ பாசாருக்குப் போனா, அந்தக் காயோட அப்படியே திரும்பிப் பார்க்காம போயிடு. இந்த வூட்டுக்குள்ள ஒரு கத்திரிக்காய் வந்துச்சு, உன்னைச் சும்மா விட மாட்டேன். நீ புடுங்குனதுக்கு நான் தோத்தேன்னு ஆகாது. தள்ளு!”

அவனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடைக்குள் இறங்கினாள். முழங்கால் வரை சேறு. ஓடிவந்த தன் மண்ணைக் கொட்டாங்கச்சியால் வாரி வாரிக் கூடையில் போட்டாள். அழுதுகொண்டே வாரினாள், திட்டிக்கொண்டே வாரினாள். கேட்கக் கூடாத வார்த்தைகள் எல்லாம் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்டன. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு கூடை விழுந்தது. புஷ்பவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

“நாறுது, அக்கா. நீங்க போங்க.”

“நாறட்டும் போடி. ஆம்பளைங்க பண்ற நாத்தத்தை விடவா?”

அதன் பிறகு அந்த வீட்டில் சோறும் ரசமும்தான். பாகற்கொடியை மட்டும் தம்புசாமி தொடாமல் விட்டிருந்தான், வேலியில் இருந்ததால் அது அவன் நிரையில் சேரவில்லை போலும். அதில் தொங்கிய காய்களை ஒவ்வொன்றாக அறுத்துச் சமைத்தாள். பாகற்காய் என்றால் அவனுக்கு ஆகாது. அவள் வெல்லம் போடவில்லை. அவன் முகத்தைச் சுளிக்காமல் தின்றான்.

தீபாவளி கழிந்து, கடைசிப் பாகற்காயும் தீர்ந்த அன்று காலையில், தண்ணீர் எடுக்கப் போனவள் சாக்கடை ஓரத்துக் குவியலைக் கடந்தாள். அவன் பிடுங்கிக் குவித்தது. மேலே கிடந்தவை வாடி வதங்கிக் கறுத்திருந்தன. எரிச்சலில் அதைக் காலால் ஓர் எத்து எத்தினாள். குவியல் புரண்டது.

அடியில் பச்சை இருந்தது. தினமும் பெய்த மழையில், சாக்கடை ஈரத்தில், பசலைத் தண்டுகள் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டிருந்தன. பொன்னாங்கண்ணி பக்கவாட்டில் தளிர்த்து இலை விரித்திருந்தது. வல்லாரை அது பாட்டுக்கு மண்ணைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்திருந்தது. பவுனம்மாள் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே குந்தினாள். “உங்களுக்கு இருக்கிற ரோஷத்தைப் பாரேன்” என்றாள் அவற்றிடம்.

பாதியைக் கொண்டுபோய், மீட்ட மண்ணில் நட்டு, புதிதாக லாலான் அறுத்துப் போர்த்தினாள். மீதியை ஆய்ந்து கழுவிப் பூண்டு தட்டிப்போட்டுப் பொரித்தாள்.

அன்று மத்தியானம் தம்புசாமி ஒரு சேதியோடு வந்தான். கப்பலுக்குப் பேர் கொடுத்தவர்களை நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சொல்லத் தைரியமில்லாமல் முதலில் சாப்பிட உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான். பல நாள் கசப்புக்குப் பிறகு அது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான்.

“பாசாருக்குப் போனியா? என்னா கீரை இது?”

“நீ புடுங்கிப் போட்ட புல்லு.”

கை தட்டிலேயே நின்றது.

“இதையா... இது கீரைன்னு நீ எனக்குச் சொல்லலியே.”

“நீ கேட்டியா?” பவுனம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று அவள் குரல் உயரவில்லை, அதனாலேயே அவனுக்கு அதிகம் பயமாக இருந்தது. “இத்தனை நாளு தின்னியே, ஒருநாள் பின்னால வந்து இது என்னா செடின்னு கேட்டியா? புடுங்குறதுக்கு முன்னால, பவுனு இது வேணுமா வேணாமான்னு கேட்டியா? கப்பலுக்குப் பேரு குடுக்கிறதுக்கு முன்னால, நீ போறியான்னு என்னைக் கேட்டியா? உன் கண்ணுக்குக் களைன்னு பட்டா புடுங்கிடுவ. அது பாட்டுக்கு வேரு விட்டு நிக்குதே, அதுக்கு என்னா வேணும்னு என்னைக்காச்சும் கேட்டியா?”

தட்டில் இருந்த மீதியைச் சாப்பிட்டு முடிக்கத் தம்புசாமிக்கு வெகுநேரம் ஆயிற்று. கை கழுவியவன் குளிக்கப் போகாமல் பாத்தி ஓரத்தில் போய்க் குந்தி, போர்வைப் புல்லை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தான்.

“தொட்டே, கையை ஒடிப்பேன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. விரலை எடுத்துக்கொண்டு, நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொன்ன சேதியை அங்கிருந்தபடியே சொன்னான்.

மறுநாள் அவன் தனியாகத்தான் கிளம்பினான். பவுனம்மாள் சீதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். இவனை நம்பி அனுப்ப அவளுக்கு என்ன பைத்தியமா?

ஆபீசில் கூட்டம் நெரிந்தது. மூட்டையோடு வந்தவர்கள், அழுதவர்கள், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மேசைக்குப் பின்னால் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத் தம்புசாமியைப் பார்த்தார்.

“தம்புசாமிதானே? உம்மட மனுசியும் பிள்ளையும் வாற கப்பலுக்குப் போகினம். சரிதானே?”

தம்புசாமி வாயைத் திறந்தான். வழக்கம்போல ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒன்று வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் ஓர் அடி விலகி, பின்னால் நின்றவளுக்கு இடம் விட்டான்.

“என்னைக் கேக்காதீங்க ஐயா,” என்றான். “அவளைக் கேளுங்க.”

கிராணி பேனாவைக் கையில் வைத்தபடி பவுனம்மாளைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். இத்தனை நாளும் கத்தியவளுக்கு இப்போது கத்த வேண்டிய தேவையே இல்லை. அதற்கும் கோபம் வந்தது அவளுக்கு.

“போகலீங்க,” என்றாள். “இங்கதான் இருப்பேன். எனக்கு வேலை கிடக்குது.”

கிராணி பேரை அடித்தார்.

திரும்பி வரும்போது அவள் முன்னால் நடந்தாள், அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். மாட்டுவண்டிகள் நிற்கும் இடத்தில் சாணி புதிதாகக் கிடந்தது. பவுனம்மாள் நின்றாள். வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து அவன் முன்னால் போட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

“அள்ளுங்க,” என்றாள்.

அவன் குனிவதற்கு முன்னால் அவளை நிமிர்ந்து பார்த்தான். “எவ்ளோ?” என்று கேட்டான்.